வால்வு மைக்கின் பின்பக்கம்

நாக்வொன் இசைக்கருவி அங்காடியின் படிகளில் நானும் என் மனைவி ஹேரனும் ஏறியது ஒரு சனிக்கிழமை காலை. அந்தக் கட்டடத்துக்கு அடியிலேயே சாலை ஓடுகிறது. பேருந்து கடக்கும்போதெல்லாம் தரை லேசாக அதிரும். கடைகளில் தொங்கும் கிட்டார் கம்பிகள் யாரும் தொடாமலே முனகும். ஈயம் உருகிய வாசனையும் பழைய மரத்தின் வாசனையும் கலந்து அடித்தன. நாங்கள் குடியிருக்கும் புப்யோங்கிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்த எரிச்சலில் நான் இருந்தேன்.

ஹேரனின் தொழில் வாசிப்பது. நாவல்களை வாசித்து ஒலிப்புத்தகமாகப் பதிவு செய்வாள். ஸ்டுடியோ எல்லாம் கிடையாது. எங்கள் படுக்கையறையை ஒட்டி ஒரு சின்னத் துணி அறை உண்டு. இரண்டு பக்கமும் கோட்டுகளும் மெத்தைப் போர்வைகளும் தொங்கும் அந்தப் பொந்துக்குள் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிப்பாள். இத்தனை நாளும் கணினியில் நேராகச் செருகுகிற சின்ன மைக்கே போதுமாக இருந்தது. இப்போது ஒரு பதிப்பகம் அறுபத்தெட்டு அத்தியாய நாவல் ஒன்றைத் தர முன்வந்திருந்தது. "குரல் அருமை, ஆனால் தண்ணீர் கலந்த பால் மாதிரி இருக்கிறது, வால்வு மைக்கில் பதிவு செய்தால் எடுத்துக்கொள்கிறோம்" என்று எழுதியிருந்தார்கள்.

கடைக்காரன் தாக் மான்சு, நாற்பது வயதிருக்கும், காதில் பென்சில் செருகியவன். எங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டான். எட்டு லட்சம் வோன் என்றதும் முகம் சுளிக்காமல் மூன்று மைக்குகளைக் கொண்டுவந்து வைத்தான். மூன்றையும் செருகிவிட்டு, உள்ளே இருக்கும் வால்வு, அதாவது அந்தக் கண்ணாடிக் குழாய், சூடாக வேண்டும், அரை மணி ஆகும் என்று எங்களை உட்கார வைத்தான்.

"குரலைக் கேட்டு மைக் வாங்காதீங்க அண்ணி. நல்ல குரலை எந்த மைக்கும் நல்லாத்தான் காட்டும். நீங்க வாயை மூடிக்கிட்டு இருக்கும்போது அது என்ன பண்ணுதுன்னு கேளுங்க. அங்கதான் மலிவு மைக்கோட வண்டவாளம் தெரியும்."

முதல் மைக் புத்தம்புதியது, பளபளவென்று இருந்தது. யாரும் பேசாதபோது தூரத்தில் தகரக் கூரைமேல் மழை பெய்வதுபோல் இரைந்துகொண்டே இருந்தது. இரண்டாவதில் இரைச்சல் குறைவு. ஆனால் ஹேரன் 'ஸ' என்று உச்சரித்தால் காதில் ஊசி குத்தியது. மூன்றாவது பழையது, வலைமூடியில் ஒரு நசுங்கல். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹேரன் கண்ணை மூடினாள். அவள் தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

"ஏங்க, இதைக் கேளுங்க."

வாங்கி மாட்டிக்கொண்டேன். ஒன்றுமே இல்லை. கிணற்றுக்குள் தலையை விட்டதுபோல அப்படியொரு அமைதி. பக்கத்துக் கடையில் யாரோ நாற்காலியை இழுத்தது அந்த அமைதியின் அடியில் ஒரு துளி மாதிரி விழுந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது. நான் காப்பீட்டுக் கம்பெனியில் விசாரணை அதிகாரி. ஒருவன் கை முறிந்தது என்று சொன்னால், நாலு நாள் கழித்துப் போய் எந்தக் கை என்று மறுபடி கேட்பதுதான் என் பிழைப்பு.

"மூணுல இதுதான் நல்லா இருக்கு, இதுதான் மலிவு. எப்படி? யாரு வித்தாங்க?"

"இன்சோன்ல ஒரு சர்ச்சுப் பாட்டுக்குழு. புதுசு வாங்கிட்டாங்க. உள்ள பழைய நல்ல வால்வு ஒண்ணு நான் மாத்தியிருக்கேன்."

"எந்த சர்ச்?"

"அண்ணே, நீங்க போலீஸா?"

"அதைவிட மோசம்," என்றாள் ஹேரன். "இன்சூரன்ஸ்."

தாக் சிரித்தான். மைக்கோடு வரும் மின்பெட்டியில் ஒரு திருகு இருந்தது. அதை நடுவில் வைத்தால் மைக் முன்பக்கம் பேசுபவரை மட்டும் கேட்கும். வலதுபுறம் கடைசிவரை திருகினால் முன்னும் பின்னும் ஒரே அளவில் கேட்கும், எதிரெதிரே உட்கார்ந்து பேட்டி எடுப்பவர்களுக்கு அது உதவும் என்று காட்டினான். "உங்களுக்கு அது தேவைப்படாது. நடுவுலேயே வெச்சுக்குங்க. அப்பவும் பின்பக்கம் முழுசா செவிடு ஆகாது, கொஞ்சம் காது கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கும்."

வாங்கினோம். ஹேரன் ரயிலில் அந்தப் பெட்டியைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த ஒரு வருடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முந்தைய ஆண்டு குளிர்காலத்தில் அவள் அம்மா படியில் தவறி விழுந்து இறந்துபோனார். வீட்டில் அப்போது இருந்தது ஹேரனின் தம்பி மட்டும். சாவு மண்டபத்தில், எல்லோரும் கறுப்பு உடுத்தி உட்கார்ந்திருக்க, நான் அவனைத் தனியே அழைத்து, விழுந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டேன். ஒரு தடவை அல்ல. மூன்று தடவை. பழக்கதோஷம். மூன்றாவது தடவை அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அதன்பிறகு எங்கள் வீட்டுப் படியை அவன் மிதிக்கவில்லை. ஹேரன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

துணி அறையில் மைக் இடம் பிடித்தது. கதவைப் பார்த்தபடி ஹேரன் உட்காருவாள். அவள் முகத்துக்கு நேரே மைக். மைக்கின் முதுகுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ஆள் ஒடுங்கி நிற்கிற அளவு இடம். மாடி வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் மதியம் இரண்டிலிருந்து நாலுவரைதான் அவளுக்கு வேலை நேரம். நான் மாலையில் வரும்போது அந்த அறையில் பூச்சி உருண்டை வாசனையோடு, வால்வு சூட்டில் தூசி கருகிய வாசனையும் தங்கியிருக்கும்.

மூன்றாம் வாரம். ஹேரன் குளித்துக்கொண்டிருந்தாள். சமையல் மேடைமேல் கிடந்த அவள் கைபேசி அதிர்ந்து, திரை ஒளிர்ந்தது. நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன்.

பதிப்பகத்தின் ஒலிப்பதிவுப் பிரிவிலிருந்து வந்த செய்தி. "பதினோராம் அத்தியாயத்திலும் உங்கள் மூச்சு அல்லாத இன்னொரு மூச்சு கேட்கிறது. பதிவின்போது அறைப்பக்கம் வர வேண்டாம் என்று அவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்."

அதற்கு மேலே, முந்தைய வாரம் ஹேரன் அனுப்பியிருந்த பதில்.

"மன்னிக்கவும். அவரிடம் சொல்லி வைக்கிறேன்."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. கைபேசியை இருந்த இடத்தில், இருந்த கோணத்தில் வைத்தேன்.

மதியம் இரண்டு முதல் நாலுவரை நான் இன்சோன் துறைமுகப் பக்கத்தில் எங்காவது விபத்து நடந்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டிருப்பேன். அப்படியானால் அந்த 'அவர்' யார்?

நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதிலுக்கு முன்னால் ஆதாரம் வேண்டும். அது என் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். மறுநாளிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். வாசலில் வேற்றுச் செருப்பு இல்லை. போர்வைகளில் வேறு வாசனை இல்லை. ஆனால் சமையல் தொட்டியில் இரண்டு கோப்பைகள் கிடந்தன. புதன்கிழமை இரண்டு. வியாழக்கிழமை இரண்டு. இரண்டின் அடியிலும் எலுமிச்சைத் தேநீரின் தோல் துணுக்கு ஒட்டியிருந்தது.

"இன்னிக்கு யாராவது வந்தாங்களா?" என்று சாப்பிடும்போது கேட்டேன்.

ஹேரன் என்னை நிமிர்ந்து பார்த்தாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது.

"யாரு வருவாங்க?" என்றாள். "உங்களுக்குத் தெரியாதா?"

அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது கணினியைத் திறந்தேன். பதிப்பகத்துக்கு அனுப்பிய கோப்புகள் ஒழுங்காக இருந்தன. வெட்டாத மூலப் பதிவுகளைத் தேடினேன். பலதும் அழிக்கப்பட்டிருந்தன. குப்பைத்தொட்டியில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன்.

ஹேரன் வாசித்துக்கொண்டிருந்தாள். கதையில் ஒரு மீனவன் வலையை உதறிக்கொண்டிருந்தான். பத்தி முடிந்து அவள் நிறுத்தினாள். காகிதம் திரும்பியது. அவள் மூச்சு இழுத்தாள்.

அதற்குப் பின்னால் இன்னொருவர் மூச்சு இழுத்தார்.

மெதுவாக. பேசப்போகிற ஆள் இழுப்பதுபோல. பிறகு பேசாமல், அந்த மூச்சை அப்படியே விட்டார். மூக்கில் சின்னதாக ஒரு அடைப்பு. ஆண் மூச்சு.

அப்போது எனக்கு வந்தது பயம் அல்ல, கோபம். பின்னோக்கி ஓடவிட்டேன். எங்கள் வாசல் பூட்டு எண்களை அழுத்தித் திறப்பது. திறந்தால் ஒரு மெட்டு பாடும். இந்த மைக்குக்கு அது கேட்காமல் போகாது. பதிவின் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கேட்டேன். மெட்டு இல்லை. அப்படியானால் அவன் முன்பே வந்து உள்ளே இருக்கிறான்.

நாற்பத்தோராம் நிமிடத்தில் ஹேரன் வாசிப்பதை நிறுத்தினாள். பிறகு வாசிப்புக் குரலில் அல்ல, வீட்டுக் குரலில், தாழ்த்திச் சொன்னாள்.

"எவ்வளவு நேரம் அங்கேயே நிப்பீங்க? கால் வலிக்கும். டீ வெச்சிருக்கேன், குடிங்க."

அவ்வளவு மென்மையாக அவள் என்னிடம் பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு தாக் மான்சுவின் கடைக்குப் போனேன். உண்மையைச் சொல்லவில்லை. மைக்கில் ஏதோ இரைச்சல் என்று சொன்னேன். மைக்கின் கோளாறாகவே இருந்துவிடக் கூடாதா என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசையும் இருந்தது.

அவன் பெரிய ஹெட்போனில் கேட்டான். காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தான்.

"இது இரைச்சல் இல்ல அண்ணே. ஆளு. அம்பது வயசுப் பக்கம் இருக்கும். மைக்குக்குப் பின்பக்கம் நிக்கறாரு."

"வால்வுல இப்படி ஒரு சத்தம் வர வாய்ப்பே இல்லையா?"

"வால்வு கொரகொரங்கும், பொரியும், உஸ்ஸுங்கும். மூக்கடைச்சுக்கிட்டு மூச்சு விடாது." மறுபடி ஓடவிட்டுக் கேட்டான். கேட்டுக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தான். என் முகத்தை, என் மூக்கை. "அண்ணே... இது யாருன்னு நெஜமாவே உங்களுக்குத் தெரியலையா?"

அவன் இரக்கப்படுகிறான் என்று நினைத்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

புதன்கிழமை அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு சொன்னேன். மதியம் ஒன்றரைக்கெல்லாம் எங்கள் அடுக்குமாடியின் பின்படி வழியாக ஏறி, எங்கள் தளத்துக்கு மேலே உள்ள படிவளைவில் உட்கார்ந்தேன். அங்கிருந்து எங்கள் கதவு முழுதாகத் தெரியும். அந்த நேரத்தில் கட்டடத்தில் ஆள் அரவமே இல்லை. எங்கோ மின்தூக்கியின் கம்பி உராய்ந்தது. யாரோ காலையில் வறுத்த நெத்திலியின் வாசனை படிகளில் தேங்கிக் கிடந்தது. ஜன்னல் வழியே வெயில் ஒரு துண்டாக விழுந்து, மெல்ல மெல்ல ஒரு படி இறங்கியது.

இரண்டு மணி. யாரும் வரவில்லை.

இரண்டே கால். யாரும் வரவில்லை.

மூன்றுக்குச் சற்று முன்னால் எழுந்தேன். உள்ளேதான் இருக்கிறான். எண்களை அழுத்தினேன். பூட்டு மெட்டு பாடித் திறந்தது. காலணியைக் கழற்றாமலே உள்ளே போனேன்.

வீடு வெளிச்சமாக, சுத்தமாக, அமைதியாக இருந்தது. படுக்கையறையின் கோடியில் துணி அறைக் கதவு மூடியிருந்தது. அதன் முன்னால் தரையில் ஒரு கோப்பை. அருகே போய்க் குனிந்து பார்த்தேன். பாதி குடித்திருந்தது. இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது. கையில் காகிதங்களோடு ஹேரன் வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். காலில் இருந்த காலணியைப் பார்த்தாள்.

அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் என் கண்ணால் கண்டேன். மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

"இப்பத்தான்... வர்றீங்களா?"

"ஆமா. இப்பத்தான். யாரு அவன்?"

"பூட்டு பாடுச்சு. இப்பத்தான் பாடுச்சு." தரையில் இருந்த கோப்பையைப் பார்த்தாள். "அப்ப இவ்வளவு நேரம்..."

"யாருன்னு கேக்கறேன்ல! உள்ள இருக்கறது யாரு?"

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். துணி அறைக்குள் ஒரு சின்ன விளக்கும் தொங்கும் கோட்டுகளும்தான் தெரிந்தன. பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான்," என்றாள்.

நாங்கள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பேசினோம். படுக்கையறைப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார இரண்டு பேருக்குமே துணிவில்லை. சுவரில் சாய்ந்து அந்தப் பக்கம் பார்த்தபடியே பேசினோம்.

முதல் வாரத்திலேயே ஹெட்போனில் அந்த மூச்சு அவளுக்குக் கேட்டிருக்கிறது. பயப்படவில்லை. அது நான் என்று அவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

"இருபத்தொரு வருஷமா பக்கத்துல படுக்கறேன். உங்க மூச்சு எனக்குத் தெரியாதா? அந்த மூக்கடைப்பு, பேச வந்துட்டுப் பேசாம விடற பெருமூச்சு. நீங்க மத்தியானத்துல வந்து ஒளிஞ்சு நின்னு என்னை வேவு பாக்கறீங்கன்னு நினைச்சேன். பூட்டு பாடலையேன்னு அப்ப தோணவே இல்ல. முதல்ல கோவம்தான் வந்துச்சு. அப்புறம் தினமும் வந்து நின்னதும்... பாவமா இருந்துச்சு. மன்னிப்புக் கேக்க வந்துட்டு, வாய் வராம நிக்கறீங்கன்னு தோணுச்சு."

"டீ?"

"அதுக்குத்தான் வெச்சேன். கோப்பை காலியாகும். வெளிய வந்து பாத்தா ஆள் இருக்காது. வெக்கப்பட்டுக்கிட்டுப் போயிட்டீங்கன்னு நினைச்சுப்பேன்." அவள் கைகளைப் பிசைந்தாள். "ஒரு நாள் பேசினேன். அம்மா விஷயத்தை. தம்பிகிட்ட நீங்க கேட்டதை. எல்லாத்தையும் மனசுலேர்ந்து எடுத்துப் போட்டுட்டேன், இனிமே அதை நினைக்க மாட்டேன்னு சொன்னேன். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு கொஞ்ச நேரம் நின்னே போச்சு. அழறீங்கன்னு நினைச்சேன்."

நான் அழவில்லையே என்று மட்டும் தோன்றியது. அந்த நேரத்தில் நான் எங்கோ துறைமுகத்தில், யாரோ ஒருவனின் முறிந்த கையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

ஆனாலும் நான் விசாரணை அதிகாரி. சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவளைக்கூட முழுதாக நம்பவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். "வா, பாக்கலாம்," என்று கையைப் பிடித்து எழுப்பினேன்.

துணி அறைக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு, தோளோடு தோள் ஒட்டி, மைக்கின் முன்பக்கம் நின்றோம். கதவைச் சாத்தினேன். வால்வு இன்னும் சூடாகவே இருந்தது. நசுங்கிய வலைமூடிக்குள் ஒரு பொட்டு சிவப்பு தெரிந்தது. ஹேரன் ஹெட்போனின் ஒரு காதை எனக்குக் கொடுத்து, மறுகாதைத் தான் வைத்துக்கொண்டாள். மடிக்கணினித் திரையில் பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது.

எங்கள் இரண்டு பேரின் மூச்சும் கேட்டது. கோடு மெல்ல ஏறி இறங்கியது.

"இன்னொண்ணு இருக்கு," என்று கிசுகிசுத்தாள். "பின்னாடி. மெல்லிசா."

எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. கையை நீட்டி மின்பெட்டியின் திருகை வலதுபுறம், கடைசிவரை திருகினேன்.

ஹெட்போனில் அந்த மூச்சு சட்டென்று எங்கள் மூச்சின் அளவுக்கு எழுந்தது.

கதவுக்கு வெளியே அல்ல. மைக்கின் முதுகுக்கும் கதவுக்கும் நடுவில். ஒரு சாண் தூரத்தில்.

நான் அந்த இடத்தைப் பார்த்தேன். என் சாம்பல் நிறக் கோட்டு ஒன்று தொங்கியது. அதன் பக்கத்தில் வெறும் காற்று. சின்ன விளக்கின் வெளிச்சம் மூலைவரை தடையில்லாமல் போனது.

"மூச்சை அடக்கு," என்று ஹேரனிடம் சைகை காட்டினேன்.

அவள் அடக்கினாள். திரையில் ஒரு அலை செத்தது.

நானும் அடக்கினேன். வாயைப் பொத்தி, மூக்கை விரல்களால் இறுக்கிப் பிடித்தேன்.

பச்சைக் கோடு ஏறியது. இறங்கியது. ஏறியது.

இந்த முறை ஆத்திரமில்லாமல், ஒரு சாட்சியத்தைக் கேட்பதுபோல, கவனமாகக் கேட்டேன். இடது நாசியில் அந்தச் சின்ன அடைப்பு. இழுப்பின் முடிவில் ஒரு தயக்கம். பேச வந்துவிட்டுப் பேசாமல் விடுகிற அந்தப் பெருமூச்சு. தாக் மான்சு ஏன் என் மூக்கைப் பார்த்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் மூச்சை அடக்கியிருந்தேன். என் மூச்சு நிற்கவில்லை.

கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே ஓட, அந்த இடத்தைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. கடந்தேன். எதுவும் மேலே படவில்லை. இளஞ்சூடாக இருந்தது, அவ்வளவுதான். ஒருவர் இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி மாதிரி.

மறுநாளே மைக்கைத் திருப்பிக் கொடுத்தோம். தாக் ஏன் என்று கேட்கவில்லை. கூடவே முதல் மைக்கை, அந்த இரைகிற புத்தம்புதியதை, எடுத்துக்கொண்டு வந்தோம். அதில் அந்த மூச்சு கேட்கவில்லை. தகரக் கூரை மழைக்கு அடியில் எது இருந்தாலும் கேட்காது. பதிப்பகத்தார் இரைச்சலைத் தாங்களே கணினியில் துடைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துத் தாக்கிடம் போனில் பேசினேன். பழைய மைக்கை ஒரு பாடகி வாங்கிப் போனாளாம். "சத்தமே இல்லையாம் அண்ணே, அவ்வளவு சுத்தமாம். நன்றி சொன்னா," என்றான்.

அப்படியானால் கோளாறு மைக்கில் இல்லை. அது இருந்ததைத்தான் கேட்டது. எத்தனை காலமாக இருந்ததோ, அதை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. பழைய பதிவுகளையெல்லாம் தோண்டிப் பார்த்தேன். அந்தச் சின்ன மைக்கின் புழுதி இரைச்சலில் எதுவும் பிடிபடவில்லை.

வீட்டை மாற்றலாம் என்றேன். ஹேரன் வேண்டாம் என்றாள். நாவலில் இன்னும் நாற்பது அத்தியாயம் மீதி. பேய் அண்டாது என்று துணி அறையில் சிவப்புப் பயறு தூவினேன். அவள் மறுநாள் பெருக்கி எடுத்துவிட்டாள். ஒன்றை மட்டும் அவளிடம் கேட்டேன். கேட்கும்போது எனக்கு வாய் குழறியது.

"அம்மா விஷயத்துல நீ அன்னிக்குச் சொன்னதை... எங்கிட்ட ஒரு தடவை சொல்லேன்."

அவள் வெகுநேரம் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில்.

"அதைச் சொல்லி முடிச்சாச்சுங்க," என்றாள். "மறுபடி சொல்ல வரல."

அதற்குப் பிறகு நான் வேவு பார்க்கவில்லை. கைபேசியைத் தொடவில்லை. தொட்டியில் எத்தனை கோப்பை என்று எண்ணுவதில்லை. மதியத்தில் வீட்டுப்பக்கம் போவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

ஆனால் நேற்று ஒரு வேலை பாதியில் ரத்தாகி, இரண்டரை மணிக்கே புப்யோங் நிலையத்தில் இறங்க நேர்ந்தது. வழியில் மைத்துனனிடம் போனில் பேசினேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் குரல். மன்னிப்புக் கேட்டேன். சரி மாமா என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. இதை ஹேரனிடம் உடனே, நேரில், என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று வேகவேகமாக வீட்டுக்கு நடந்தேன்.

பூட்டு பாடித் திறந்தது. காலணியைக் கழற்றி வைத்தேன். துணி அறைக்குள்ளிருந்து அவள் வாசிக்கும் குரல் கேட்டது. வெயில் விழுந்த தரையில் நடந்து, மூடிய கதவின் முன்னால் போய் நின்றேன். தட்டக் கையை உயர்த்தினேன். அத்தியாயம் முடியட்டும் என்று கையை இறக்கினேன். எப்படித் தொடங்குவது என்று யோசித்தபடி மூச்சை இழுத்தேன்.

உள்ளே வாசிப்பு நின்றது.

"பூட்டுச் சத்தம் கேட்டுச்சு," என்றாள் ஹேரன். அமைதியாக, வீட்டுக் குரலில். "வந்துட்டீங்களா?"

"ம்."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அங்க ரெண்டு பேர் நிக்க இடம் பத்தாது."

நான் தள்ளி நின்றேன்.